சொகுசு கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே டிரம் ஆயில் போதுமா?

கேள்வி: சாதாரண கார்களுக்குச் சர்வீஸ் செய்யும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். சமீப காலமாக பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி, போர்ஷே என்று சொகுசு கார்களும் வர ஆரம்பித்திருக்கின்றன. ஆயில் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு சப்ளையர், "5டபிள்யூ-40 ஃபுல்லி சிந்தெடிக் ஒரு டிரம் இறக்குங்கள், எல்லா வண்டிக்கும் ஆகும்" என்கிறார். விலையும் கம்பெனி ஆயிலில் பாதிதான். இன்னொருவர், கார் கம்பெனியின் பெயர் போட்ட கேனைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்று பயமுறுத்துகிறார். ஆடி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரோ, "இந்த 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கு, கெட்டியா ஒண்ணு ஊத்துங்க" என்று பிடிவாதம் பிடிக்கிறார். யார் சொல்வது சரி? நான் எத்தனை வகை ஆயில் வாங்கி வைக்க வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும்?

பதில்:

வணக்கம். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. சொகுசு கார் இன்ஜின் ஒன்று ஆயிலால் கெட்டால், அந்த ஒரு வேலையில் ஒர்க்‌ஷாப்பின் பல மாத வருமானம் போய்விடும். வாடிக்கையாளரின் நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும். முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே டிரம் போதாது. அதற்காகக் கார் கம்பெனியின் கேன்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஆயிலின் பிராண்டையோ, 5டபிள்யூ-40 என்ற கிரேடையோ மட்டும் அல்ல. அந்த ஆயிலுக்குக் கார் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் ஒப்புதல் எண்ணை. அந்த எண் காரின் கையேட்டில் இருக்கும். கையேட்டில் உள்ள எண்ணும் கேனில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் ஊற்றலாம், இல்லாவிட்டால் ஊற்றக் கூடாது.

கிரேடை மட்டும் பார்த்தால் ஏன் போதாது என்று கேட்பீர்கள். 5டபிள்யூ-30 என்பதில் இரண்டு தகவல்கள்தான் உள்ளன. 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் இன்ஜின் எவ்வளவு எளிதாகச் சுற்றும் என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மை. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை இருக்கும், 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. அவ்வளவுதான். அந்த ஆயிலில் என்ன மருந்து கலந்திருக்கிறது, எரிந்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும், டர்போவின் சூட்டில் கரி பிடிக்குமா, செயின் தேயாமல் காக்குமா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் வராது.

இதில் ஒர்க்‌ஷாப்காரர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஆயில் மிக மெல்லிய படலமாக நிற்கிறது. அங்கே சூடும் அதிகம், நசுக்கலும் அதிகம். அந்த நிலையில் படலம் தாக்குப்பிடிக்குமா என்பதை 150 டிகிரியில் வேகமாக நசுக்கி அளக்கிறார்கள். ஹெச்டிஹெச்எஸ் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பார்கள். ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) வகுத்த தரத்தில் சி3 என்று இருந்தால் இந்த அளவு குறைந்தது 3.5 இருக்க வேண்டும். ஏ5/பி5 என்று இருந்தால் 2.9-க்கும் 3.5-க்கும் நடுவில். இப்போது பாருங்கள், இரண்டு கேன். இரண்டிலும் 5டபிள்யூ-30 என்றே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. ஒன்று சி3, இன்னொன்று ஏ5/பி5. 3.5 கேட்கும் பென்ஸ் டீசலில் இரண்டாவதை ஊற்றிவிட்டால், கிரேடு சரியாக இருந்தும் ஆயில் தப்பு. வண்டி உடனே நிற்காது. வாடிக்கையாளருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பேரிங் மட்டும் மெதுவாகத் தேய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்தது சாம்பல். ஆயிலில் கலக்கும் சுத்தம் செய்யும் மருந்தும் தேய்மானத் தடுப்பு மருந்தும் எரியும்போது சாம்பலாக மிஞ்சுகின்றன. டீசல் காரின் துகள் வடிகட்டியில் (டிபிஎஃப்) கரி சேர்ந்தால் வண்டியே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சாம்பல் எரியாது. சேர்ந்தது சேர்ந்ததுதான், கடைசியில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இப்போது பெட்ரோல் கார்களிலும் ஜிபிஎஃப் என்ற வடிகட்டி வருகிறது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் என்று ஒரு தனி இனம் உண்டு. சி3-இல் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சப்ளையர் சொல்லும் 5டபிள்யூ-40 ஏ3/பி4 வகையாக இருந்தால் 1.6 சதவீதம் வரை இருக்கலாம், அதாவது இரண்டு மடங்கு. அந்த டிரம்மை டிபிஎஃப் உள்ள டீசல் காரில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சாம்பல் குறைந்ததையே போட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாம்பலைக் குறைக்கும்போது, எரிபொருளில் உள்ள கந்தகம் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கும் சக்தியும் குறைகிறது. கந்தகம் அதிகமுள்ள பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் இந்த ஆயில் சீக்கிரம் களைத்துவிடும். பிஎம்டபிள்யூ தன் லாங்லைஃப்-04 ஆயிலைப் பெட்ரோல் இன்ஜின்களில் ஐரோப்பாவில் மட்டுமே போடலாம் என்று வெகுகாலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது இதனால்தான். எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குள் இருக்கும் இடங்களில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. இருந்தாலும் பழைய பெட்ரோல் காருக்கு, அந்தக் காரின் கையேடு என்ன எண் சொல்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் சப்ளையர்களின் பேச்சுக்கு வருவோம்.

முதல் சப்ளையரின் கேனையோ டிரம்மையோ ஒன்று வாங்கி, பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். "அப்ரூவ்ட்" அல்லது "அப்ரூவல்" என்று எழுதி அதன் கீழே எம்பி (மெர்சிடிஸ் பென்ஸ்) 229.5, ஃபோக்ஸ்வேகன் 502 00 என்று எண்கள் இருந்தால், அந்தந்தக் கார் கம்பெனி சோதித்து எழுத்தில் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்", "ரெக்கமெண்டட் ஃபார்" என்று இருந்தால், அதைச் சொல்வது ஆயில் கம்பெனி மட்டும்தான்; கார் கம்பெனி அதில் கையெழுத்துப் போடவில்லை. நல்ல ஆயிலிலும் இந்த வார்த்தைகள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஒரே கேனில் இரண்டும் கலந்துகூட இருக்கும்: மேலே இரண்டு எண்கள் ஒப்புதல் பெற்றவை, கீழே ஆறு எண்கள் வெறும் சிபாரிசு. எழுத்து சிறியதாக இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டே படியுங்கள்.

புளுகுகிற கேனைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ஃபோக்ஸ்வேகன் 504 00/507 00 எண்ணும் 508 00/509 00 எண்ணும் ஒரே கேனில் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். முன்னதற்கு ஹெச்டிஹெச்எஸ் 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். பின்னது 2.6-இல் தொடங்கும் மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில். ஒரே திரவம் இரண்டாகவும் இருக்க வழியில்லை. அதேபோல ஏசிஇஏ தரத்தில் கெட்டியான ஏ3/பி4-உம் மெல்லிய சி5-உம் சேர்ந்து வர முடியாது. இப்படி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் எண்களை ஒரே கேனில் அச்சடித்திருப்பவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

"ஃபுல்லி சிந்தெடிக்" என்ற வார்த்தைக்கும் மயங்காதீர்கள். ஆயிலின் அடிப்படை எண்ணெய் பிஏஓ, எஸ்டர் என்று ரசாயனமாகக் கட்டியதாகவும் இருக்கலாம், கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் பதப்படுத்திய குரூப் 3 ஆகவும் இருக்கலாம். 1999-இல் அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இடையே இதைப் பற்றி விளம்பரத் தகராறு வந்தபோது, குரூப் 3 எண்ணெயையும் சிந்தெடிக் என்றே அழைக்கலாம் என்று முடிவாயிற்று. ஜெர்மனியில் இந்தப் பெயருக்குக் கட்டுப்பாடு அதிகம். குரூப் 3-இல் செய்த அருமையான ஆயில்கள் உண்டு, கார் கம்பெனிகளின் ஒப்புதல் பெற்றவையும் உண்டு. ஆகவே முன்பக்கம் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கட்டும், பின்பக்கத்து எண்தான் கணக்கு.

ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) வகுப்பையும் ஒரு பார்வை பாருங்கள். டர்போ உள்ள நேரடிப் பீச்சு பெட்ரோல் இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக லோடு கொடுக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும் பிரச்சினை இருந்தது. ஆயிலில் உள்ள கால்சியம் மருந்து இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகு, அதில் ஒரு பகுதியை மக்னீசியத்துக்கு மாற்றிச் செய்யத் தொடங்கினார்கள். 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி இதையும் செயின் தேய்மானத்தையும் சேர்த்துச் சோதிக்கிறது. வெறும் எஸ்என் என்று நிற்கும் பழைய சரக்கை டர்போ பெட்ரோல் காருக்கு வாங்காதீர்கள்.

இரண்டாவது சப்ளையர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கார் கம்பெனியின் பெயர் போட்ட கேனை வாங்கினால் எண் பொருந்துமா என்று தேடும் வேலை பெரும்பாலும் மிச்சம். ஆனால் கார் கம்பெனிகள் ஆயில் காய்ச்சுவதில்லை. ஒப்பந்தம் போட்டு வாங்கி, தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். பிஎம்டபிள்யூ வெகுகாலம் காஸ்ட்ரால் பக்கம் இருந்தது. 2015-இல் ஷெல்லுக்கு மாறியது. அன்று கேன் மாறியதே தவிர, பழைய காரின் கையேட்டில் இருந்த லாங்லைஃப்-01 என்ற எண் மாறவில்லை. போர்ஷே 1996 முதல் தொழிற்சாலையிலேயே மொபில் 1 ஊற்றி அனுப்புகிறது. ஆனால் அதே போர்ஷே ஏ40 ஒப்புதலை வேறு பல கம்பெனிகளின் ஆயில்களுக்கும் கொடுத்திருக்கிறது. எந்தக் கம்பெனி சப்ளை செய்கிறது என்பது வியாபார ஒப்பந்தம். இன்ஜினுக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் எண் சொல்கிறது. ஒப்புதல் பெற்ற நல்ல பிராண்டை நம்பிக்கையான இடத்தில் வாங்கினால், காரின் வாரண்டிக் காலத்திலும் தைரியமாகப் போடலாம். பில் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும்.

என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் முதலில் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். அதிகம் செலவாகப்போவது சாம்பல் குறைந்த 5டபிள்யூ-30 சி3. பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, எம்பி 229.51 அல்லது 229.52, ஃபோக்ஸ்வேகன் 504 00/507 00, போர்ஷே சி30 ஆகிய நான்கு ஒப்புதல்களும் ஒரே ஆயிலில் சேர்ந்து கிடைக்கும். தேடி அதையே வாங்குங்கள். டீசல் கார்களில் பெரும்பகுதியும் ஒரு பங்கு பெட்ரோல் கார்களும் இதிலேயே முடிந்துவிடும். இரண்டாவது, 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40, ஏ3/பி4 வகை: எம்பி 229.5, ஃபோக்ஸ்வேகன் 502 00/505 00, போர்ஷே ஏ40. வடிகட்டி இல்லாத பழைய பெட்ரோல் பென்ஸ், ஆடி, போர்ஷேக்கு இதுதான் சரி. மூன்றாவது ஃபோக்ஸ்வேகன் 508 00/509 00 எண் உள்ள 0டபிள்யூ-20. பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-17 எஃப்இ பிளஸ், பென்ஸின் 229.71 ஆகியவையும் 0டபிள்யூ-20 தான், ஆனால் அவை வேறு ஒப்புதல்கள். 0டபிள்யூ-20 என்று இருப்பதால் ஒன்றுக்குப் பதில் ஒன்றை எடுத்து ஊற்றிவிடக் கூடாது. ஜாகுவார், லேண்ட் ரோவர், வோல்வோ வந்தால் அவற்றுக்கும் தனி எண்கள் உண்டு. வண்டி புக் ஆன பிறகு ஆர்டர் போட்டுக்கொள்ளலாம். பிஎம்டபிள்யூ எம் வகையில் சில பழைய இன்ஜின்கள் 10டபிள்யூ-60 கேட்கும். அதையும் வண்டி வந்த பிறகு வாங்கினால் போதும்.

முதல் ஆயிலை மட்டும் வேண்டுமானால் டிரம்மாக எடுங்கள். மற்றவை கேனாகவே இருக்கட்டும். விலை கொஞ்சம் கூடுதலானாலும், சீல் உடையாத கேனை வாடிக்கையாளர் கண்முன்னே திறந்து ஊற்றலாம். இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்க விரும்புகிறார்கள். டிரம் எடுத்தால் வெயில் மழையில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல்மூடியில் தண்ணீர் தேங்கும், ராத்திரி குளிரில் டிரம் உள்ளே சுருங்கும்போது அந்தத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இழுக்கப்படும். கூரைக்கு அடியில் வையுங்கள். வெளியில்தான் வைக்க வேண்டும் என்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் இருக்கும்படி உருட்டி நிறுத்துங்கள். ஒரு ஆயிலுக்கு ஒரு பம்ப், ஒரு அளவுக் குவளை. வேறு ஆயிலுக்கு அதே குவளையைப் பயன்படுத்தக் கூடாது.

சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன்னால் காகிதத்தைக் கேளுங்கள். கார் கம்பெனி கொடுத்த ஒப்புதல் கடிதத்தின் நகல் வேண்டும். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: ஆயிலின் பெயர் கேனில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, கிரேடு அதேதானா, கடிதம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா. "இதே ஆயில்தான் சார், அந்தப் பெரிய கம்பெனிதான் எங்களுக்குத் தயாரித்துக் கொடுக்கிறது, பெயர் மட்டும் எங்களுடையது" என்று சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேறு பெயரில் விற்க வேறு ஒப்புதல் வேண்டும், அந்தப் பெயரில் கடிதம் எங்கே என்று கேளுங்கள். பென்ஸ் ஒப்புதல் பெற்ற ஆயில்களின் பட்டியலை மெர்சிடிஸின் பேவோ தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எம்பி 229.52 பக்கத்தைத் திறந்து சப்ளையர் முன்னாலேயே பெயரைத் தேடுங்கள். ஒழுங்கான சப்ளையர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம் பேட்ச் எண். டிரம்மிலும் கேனிலும் உள்ள பேட்ச் எண் பில்லிலும் வர வேண்டும், அந்த பேட்ச்சின் சோதனைச் சான்று கேட்டால் கிடைக்க வேண்டும். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்தானா என்பதை அந்த ஆயில் கம்பெனியிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி விலை என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை ஆயிலில் அடிப்படை எண்ணெய்க்கும் மருந்துக்கும் ஆகும் செலவு அவ்வளவு இறங்காது. போலி ஆயில் பெரும்பாலும் நிஜக் கேனில்தான் வருகிறது. ஒர்க்‌ஷாப்களிலிருந்து காலிக் கேன்களை எடுத்து நிரப்பி, மூடி போட்டு விற்கிறார்கள். ஆகவே உங்கள் காலிக் கேன்களைப் பழைய சாமான்காரரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். அடியில் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.

சரியான ஆயில் வாங்கியும் வேலையில் கோட்டை விட்டால் பலன் இல்லை. இந்தக் கார்களில் பலவற்றுக்கு டிப் ஸ்டிக்கே கிடையாது. அளவை சென்சார்தான் சொல்லும், அதுவும் இன்ஜின் சூடான பிறகு. எனவே முழு அளவு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு அளந்து ஊற்றுங்கள். பிஎம்டபிள்யூவின் 4 சிலிண்டர் பி48 இன்ஜினுக்கு 5.25 லிட்டர், 6 சிலிண்டர் பி58-க்கு 6.5 லிட்டர். "ரவுண்டா ஏழு ஊத்திடலாம்" என்பது நல்லதல்ல. ஃபில்டர் மூடியின் மேலேயே பல ஜெர்மன் கார்களில் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவுக்கே முடுக்குங்கள். பிளாஸ்டிக் மூடி, வெறும் பலத்தில் முடுக்கினால் விரிசல் விடும். ஓ-ரிங்கையும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். தனியாக ஊற்றும் ஆயில் டிரீட்மென்ட் பாட்டில்கள் எதுவும் வேண்டாம். ஒப்புதல் பெற்ற கலவையில் இன்னொரு மருந்தைக் கலந்தால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாடிக்கையாளர் கேட்பார். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் லாங்லைஃப் முறையில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம் வரை போகலாம். அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குப் பொருந்தும். குறுகிய தூரம், நெரிசல், நின்ற இடத்தில் ஏசி போட்டு ஓடும் இன்ஜின் என்றால் எரிபொருள் ஆயிலில் கலக்கும், ஆயில் இளகும். அப்படி ஓடும் டர்போ கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் நான் சொல்வேன்.

கடைசியாக அந்த ஆடி வாடிக்கையாளர். அவருடைய கவலையை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயில் மெல்லியதாக இருந்தால் இன்ஜின் தேயும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் இன்ஜின் 508 00-க்காகவே கட்டப்பட்டிருந்தால், ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி, வால்வ் டைமிங்கை மாற்றும் சாதனம் எல்லாமே அந்த மெல்லிய ஆயிலை நினைத்துச் செய்தவை. கெட்டியானதை ஊற்றினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். சில இன்ஜின்களுக்கு 508 00 கிடைக்காவிட்டால் 504 00 போடலாம் என்று கையேடே அனுமதிக்கிறது. அவர் கார் அந்த வகையா என்று கையேட்டைத் திறந்து அவருக்கே காட்டுங்கள். அனுமதி இருந்தால் 5டபிள்யூ-30, 504 00 போட்டுக் கொடுத்துவிடலாம், அவரும் நிம்மதியாக இருப்பார். அனுமதி இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கமாக மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள்: 504 00 அல்லது 502 00 கேட்கும் பழைய காரில் 508 00 ஊற்றக் கூடாது. புதிய எண் என்பதால் பழைய காருக்கும் சிறந்தது என்று நினைத்து நிறைய பேர் செய்கிறார்கள். 508 00 ஆயிலுக்குப் பச்சைச் சாயம் போட்டிருப்பதே குழம்பாமல் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒவ்வொரு பில்லிலும் ஆயிலின் முழுப் பெயர், ஒப்புதல் எண், பேட்ச் எண், ஊற்றிய லிட்டர் நான்கையும் எழுதிக் கொடுங்கள். முதல் சப்ளையரிடம் ஒப்புதல் கடிதங்களைக் கேட்டு வாங்கி, கேனின் பின்பக்கப் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். எந்த எண் நிஜம், எது வெறும் அச்சு என்று பார்த்துச் சொல்கிறேன்.